திருப்பிக் கொடுத்த வெள்ளை வண்டி

அன்று மாலை வண்டி ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசியது.

வண்டி பேசுவது புதிதில்லை. ஜப்பானில் ஓடித் தேய்ந்து மொம்பாசா துறைமுகத்தில் வந்து இறங்கும் பழைய கார்கள் பல, சாவியைத் திருகியதும் ஒரு பெண் குரலில் ஏதோ சொல்லும். லிமூரு மலையூரில் யாருக்கும் அது புரியாது, புரிய வேண்டும் என்று யாரும் கவலைப்பட்டதும் இல்லை. அது பாட்டுக்குப் பேசும், இவர்கள் பாட்டுக்கு ஓட்டுவார்கள். நியாபோகேயும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது மகள் கெருபோவுக்கு மூச்சிரைப்பு. பனியில் மட்டாட்டு வேனுக்குக் காத்து நின்றாலே குழந்தையின் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அந்த ஒரு பிள்ளைக்காக வாங்கிய வண்டி அது.

ஆனால் அன்று குரல் வந்தது பாதி வழியில். இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள் பனிக்குள் கரைந்துகொண்டிருக்க, துடைப்பான்கள் கண்ணாடியில் சரக்சரக்கென்று இழுபட, ஈரக் கம்பளியும் பழைய அலமாரியின் பாச்சா உருண்டையும் கலந்தது போல ஒரு வாசனை பின்னாலிருந்து மெல்ல ஊர்ந்து வந்து அவள் பிடரியில் நின்றபோது, வண்டிக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. பிறகு அந்தப் பெண் குரல், மிக மரியாதையாக, இதுவரை கேட்காத எதையோ சொன்னது. காரில் அவள் மட்டும்தான் இருந்தாள். பின் இருக்கையின் சுருள்வில் ஒருமுறை முனகி அடங்கியது.

பக்கத்து வீட்டு ஒடேரா ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி. மறுநாள் அவனை முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான். ஜப்பான் சுங்கச்சாவடி அட்டை செருகவில்லையாம், எல்லா வண்டியும் சொல்வதுதானாம், இதற்குப் போய் என்னைக் கூப்பிட்டாயா என்று கிண்டலடித்தான். சர்ச் வளைவு தாண்டியதும் மணி அடித்தது. குரல் வந்தது. ஒடேராவின் சிரிப்பு நின்றது.

"என்ன சொல்றா?"

"பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க பெல்ட் போடலையாம்."

"பின்னாடிதான் யாருமே இல்லையே."

ஒடேரா திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். "நாளைக்கே திருப்பிக் குடுத்துடு, கெருபோம்மா. பிள்ளைய இதுல ஏத்தாத." சொல்லிவிட்டு மழையில் நடந்தே போனான்.

ஏற்றக்கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். காலையில் கெருபோவுக்கு இழுப்பு. பார்த்துக்கொள்ள ஆளில்லை. முன் இருக்கையில் கட்டி உட்காரவைத்து, வண்டி வாங்கிய நெடுஞ்சாலையோர விற்பனைக் கொட்டகைக்கு ஓட்டினாள். கெருபோ அடிக்கடி பின்னால் திரும்பினாள். தலையாட்டினாள். ஏதோ கிசுகிசுத்தாள். மணி அடித்தது. பின்னால், டக் என்று ஒரு சத்தம். மணி நின்றுவிட்டது.

"போட்டுட்டாங்கம்மா," என்றாள் கெருபோ. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

நியாபோகே சாலையையே பார்த்து ஓட்டினாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. பார்த்தால் செத்துவிடுவோம் என்று தோன்றியது.

கொட்டகைக்காரர் கதோகோ தேநீரை ஊதிக்கொண்டே தன் நியாயத்தைப் பாடினார். 'உள்ளது உள்ளபடியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிய வண்டி, கேட்டைத் தாண்டிவிட்டால் வாங்கினவர் பாடு, என்ஜினே கழன்று விழுந்தாலும் திரும்ப எடுப்பதில்லை என்றார். என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, பின் இருக்கைதான் என்றாள் நியாபோகே. கதோகோ ஊதுவதை நிறுத்தினார். மறுபேச்சில்லாமல் சாவிக்குக் கை நீட்டினார். விற்றதும் கணக்கு முடிக்கலாம் என்றார். விற்காவிட்டாலும் பரவாயில்லை என்று அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவர் வண்டியில் ஏறி வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டினார். மணி அடிக்கவில்லை. பின் இருக்கை பெல்ட் கழன்றுதான் கிடந்தது. இன்னொரு சுற்று. அடிக்கவில்லை. இறங்கி வந்தவரின் முகத்தில் ரத்தமில்லை.

"முன்னாடி ரெண்டு பேர் திருப்பிக் குடுத்தாங்க," என்றார் தணிந்த குரலில். "ரெண்டு தடவையும் அது வண்டிக்குள்ளயேதான் இருந்துச்சு."

"இப்ப?"

அவர் கெருபோவைப் பார்த்தார். "அவங்களுக்குப் பிள்ளைங்க இல்ல."

நியாபோகே மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர்ப்பக்கம் போனால் வேன் கிடைக்கும். ஆட்கள் இருப்பார்கள். வெளிச்சம் இருக்கும். நெடுஞ்சாலையைப் பனி மூடியிருந்தது. லாரிகள் வரும்வரை தெரியவில்லை, வந்த பிறகு நிற்கவில்லை. கெருபோவின் வலது கையை இறுக்கிப் பிடித்தபடி ஓரத்தில் நின்றாள்.

கை கனத்தது. கெருபோ சாலைப் பக்கமாகச் சாய்ந்தாள்.

"நில்லுடி."

"நான் இல்லம்மா."

குனிந்து பார்த்தாள். கெருபோவின் இடது கை தோளுக்கு மேலே உயர்ந்து நீண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெறும் பனி. மணிக்கட்டில் தோல் குழிந்தது. ஒரு குழி. அதன் பக்கத்தில் இன்னொன்று. நான்கு.

ஹாரன் சத்தம். மிக அருகில்.

நியாபோகே தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. நடுவில் கெருபோ, கைகள் இரண்டும் விறைக்க, வாய் திறந்து, மூச்சு வராமல். கால்கள் இரண்டும் தரையில் இல்லை.