டெலிவரி ஆன தகர டப்பா

பிற்பகல் 2.40.

‘உங்கள் பார்சல் டெலிவரி ஆகிவிட்டது’ என்று போன் சொன்னது. எலிக்காரர் வாசலில் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், பக்கத்து வீட்டில் கேட்டார். பார்சல் இல்லை. கடைகளிலும் கிடங்குகளிலும் எலித் தொல்லையை ஒழித்துக் கொடுப்பது அவர் தொழில். அதனால் ஊருக்கே அவர் எலிக்காரர். பார்சல் காணாமல் போவதும் அவருக்குப் புதிதல்ல. நாலு வார்த்தை திட்டிவிட்டு இன்னொன்று அனுப்பச் சொல்வார். இன்றும் அதற்காகத்தான் எலி மருந்து செய்து அனுப்பும் நண்பரை அழைத்தார்.

நண்பர் நலம்கூட விசாரிக்கவில்லை.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன். பார்சல் வந்துடுச்சா? எச்சரிக்கைத் தாளை உள்ள வைக்க மறந்துட்டேன். இங்கேயே மேஜை மேல கிடக்கு.”

“அதனால என்ன? எனக்குத் தெரியாத மருந்தா?”

“உனக்குத் தெரியும். வேற யாராவது பிரிச்சா? பிளாஸ்டிக் டப்பா தீர்ந்துபோச்சு. வீட்ல கிடந்த சாக்லேட் டப்பாவுல போட்டு அனுப்பிட்டேன். மூடியில பூனைக்குட்டி படம் வேற.”

எலிக்காரர் மணியைப் பார்த்தார். எலிக்குப் பிடிக்க வேண்டுமே என்று மருந்தைச் சாக்லேட்டில் பிசைந்து, ஈரம் படாமலிருக்க ஒவ்வொரு துண்டையும் வெள்ளித்தாளில் சுற்றுவது நண்பரின் கைப்பக்குவம். பார்க்கிற யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். அந்த டப்பா இப்போது யார் கையிலோ இருக்கிறது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடங்கள் விடும்.

பிற்பகல் 3.05.

தபால் நிலையத்துக்கு எதிரில்தான் காவல் நிலையம். எலிக்காரர் தபால் நிலையத்துக்குப் போவதற்கு முன்பு அங்கே போனார். அன்றைக்கு அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

எஸ்.ஐ. அம்மாள் குறைவாகப் பேசுவார், நிறையப் பார்ப்பார். அவர் பார்வை பட்டால் குற்றமில்லாதவர்களுக்கே ஏதாவது குற்றம் நினைவுக்கு வரும். எலிக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தபால் நிலையத் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. உடனே ஊழியர்கள் மூவரையும் கூப்பிட்டார்.

“இதோ பாருங்க. காலையில வந்த ஒரு பார்சலைக் காணோம். உள்ள இருக்கிறது சாக்லேட் இல்லை, எலி மருந்து. உயிர் போற விஷயம். யார் எடுத்திருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. நான் எதுவும் செய்ய மாட்டேன்.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு உதடு சிரிப்பை அடக்கியது.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எஸ்.ஐ.யை ஓரமாக அழைத்து மெதுவாகச் சொன்னார்: “தப்பு என் மேலதான் மேடம். போன மாசம் ஒரு கைக்கடிகாரம் தொலைஞ்சுது. ரகசியக் கேமராவுல எல்லாம் பதிவாயிருக்குன்னு ஒரு ரீல் விட்டேன். கேமராவே இல்லைன்னு அடுத்த நாளே இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரம் என்னை வெச்சுச் சிரிச்சாங்க. இப்ப நான் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

“அப்ப நிஜத்தைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை” என்றார் எஸ்.ஐ.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 3.15.

முதலில் பார்சல்களைப் பிரித்து அடுக்கும் ஊழியர் வந்தார். எப்போதும் எதையாவது தனக்குள் சொல்லிக்கொண்டே இருப்பதால் அவருக்கு முணுமுணுப்பு என்று பெயர்.

“பார்சலைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். மேல் தாள் ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. ஒட்டச் சொல்லிக் கவுண்டர் அக்காகிட்ட கொடுத்தேன். அதோட என் வேலை முடிஞ்சுது.”

“உள்ளே என்னன்னு தெரிஞ்சுதா?”

“ஊர்ப்பட்ட பார்சல் வருது மேடம். எட்டிப் பார்த்துட்டு இருந்தா விடிஞ்சிடும்.”

அடுத்து டெலிவரிக்காரர். அலுவலகத்துக்குள்ளும் கழற்றாத தலைக்கவசம். ஆகவே ஹெல்மெட்.

“டெலிவரி ஆச்சுன்னு செய்தி போயிருக்கே?”

“நான் போடலை மேடம். டெலிவரி பதியற மெஷின் ஒண்ணுதான் இருக்கு. மத்தியானம் சார்ஜ் ஏத்தக் கவுண்டர்ல வெச்சுட்டு சாப்பிடப் போனேன். யார் வேணா அமுக்கியிருக்கலாம்.”

“பார்சலைத் தொட்டீங்களா?”

“ரேக்கை மொத்தமாத் தள்ளி அடுக்கினேன். கை பட்டிருக்கும். ஆனா என் பையில அது ஏறலை.”

கவுண்டர் அக்காவை இடத்தை விட்டு எழுப்ப முடியவில்லை. அவர் முன்னால் வரிசை நின்றது. அந்த அலுவலகத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் மாத்திரை கொடுப்பவர் அக்காதான். எலிக்காரர் உள்ளே நுழைந்தபோது முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். இப்போதும் விரல் நுனியை நாக்கில் தொட்டு, ஒட்டிக்கொண்டிருந்த ரசீதுகளைப் பிரித்தபடியே பதில் சொன்னார். கவுண்டரில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு வரும் பழக்கம் அது.

“ஒட்டினேன் மேடம். என் கையாலதான் ரேக்ல வெச்சேன். அப்புறம் சாப்பாடு வந்துச்சு, சாப்பிட்டேன்.”

“சாப்பாடு யார் கொண்டு வந்தது?”

“வீட்டுக்காரர். தினமும் அவர்தான் கொண்டு வந்து கொடுத்துட்டு, பாத்திரத்தை எடுத்துட்டுப் போவார்.”

பைகளைச் சோதித்தார்கள். அலமாரிகளைத் திறந்தார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். டப்பா இல்லை. எலிக்காரர் சுவரோரம் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தப் பிள்ளை வெள்ளித்தாளைப் பிரிக்கிறதோ என்று அவர் கண் கடிகாரத்துக்கே போனது.

“மேடம், நேரம் போகுது” என்றார்.

“தெரியும்.” எஸ்.ஐ. ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு நடுக்கூடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“மாஸ்டர் ஒண்ணைச் சொல்ல விட்டுட்டார். அந்த மருந்து வெறும் தூள். பொட்டலம் ஓட்டை. கிழிஞ்ச இடத்து வழியா வெளியில கசிஞ்சிருக்கு. அந்தப் பார்சலைத் தொட்ட கை யார் கையா இருந்தாலும் அதுல விஷம் இருக்கு. கையை வாய்கிட்ட கொண்டுபோகாதீங்க.”

எலிக்காரர் திடுக்கிட்டார். “தூளா? அது வந்து...” என்று ஆரம்பித்தார். எஸ்.ஐ. திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எலிக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

முணுமுணுப்பு முணுமுணுப்பதை நிறுத்தினார். அந்த அலுவலகத்தில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. குழாயடிக்கு ஓடினார். ஹெல்மெட் முதன்முறையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். கழற்றின கையாலேயே அதைத் தொட்டுவிட்டோமே என்று மிரண்டு அதையும் குழாயடிக்குக் கொண்டுபோனார். இருவருக்கும் ஒரே சோப்புக் கட்டி. அதற்கு அடிபிடி. மாஸ்டர் தன் கைகளைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவதாக வரிசையில் நின்றார். கவுண்டரில் அக்கா வரிசையில் நின்றவரைச் சமாதானப்படுத்தி, விரலை நாக்கில் தொட்டு ஒரு ரசீதைப் பிரித்துக் கொடுத்தார். அடுத்தவருக்கும் அப்படியே கொடுத்தார். ஹெல்மெட் வீட்டுக்குப் போன் போட்டு, “நான் வந்து சொல்ற வரைக்கும் என் டிபன் டப்பாவை யாரும் தொடாதீங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ. கவுண்டர் பலகையை இழுத்து மூடினார். வரிசையில் நின்றவர்களை வெளியே அனுப்பினார்.

பிற்பகல் 3.35.

“டப்பா எங்கே அக்கா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “என்னையா கேக்கறீங்க?”

“உங்களைத்தான். உங்க வீட்டுக்காரர் பாத்திரம் எடுத்துட்டுப் போன பையில போயிருக்கு. வீடு எங்கே?”

“வயித்துல புளியைக் கரைக்காதீங்க மேடம். என்ன ஆதாரம்?”

“பார்சலை உங்க கையால வெச்சதா நீங்களே சொன்னீங்க. அந்தக் கையில விஷத்தூள் இருக்குன்னு நான் சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் தோல் உரியற வரைக்கும் தேய்ச்சாங்க. நீங்க அதே விரலை நாக்குல வெச்சு ரசீது பிரிச்சீங்க.”

“அது பழக்கம் மேடம். தன்னால வருது.”

“பழக்கம்தான். மறந்துபோய் வெச்சிருந்தா, ஐயோன்னு பதறித் துப்பியிருப்பீங்க. நீங்க பதறலை. அடுத்த ரசீதுக்கும் வெச்சீங்க. தூள் இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சவங்கதான் அப்படி இருக்க முடியும். அது யாரு? பிரிச்சுப் பார்த்தவங்க. தூள்னு நான் சொன்னது பொய். தெரியாதவங்க எல்லாம் பயந்தாங்க. நீங்க மட்டும் பயப்படலை.”

குழாயடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் போய் மூடவில்லை. அக்காவின் முகம் சிவந்தது. முதலில் அவமானம், பிறகு கோபம்.

“ஆமா, எடுத்தேன். கிழிஞ்ச இடத்துல பூனைக்குட்டி தெரிஞ்சுது. அதே டப்பாவைக் கடைக் கண்ணாடியில மூக்கை அழுத்திப் பார்த்துட்டு நிப்பா என் பொண்ணு. புத்தி கெட்டுப்போச்சு. டெலிவரின்னு மெஷின்ல அமுக்கினேன். வேலை போனாப் போகட்டும். ஆனா விஷம் விஷம்னு பூச்சாண்டி காட்டாதீங்க. மாஸ்டர் கேமரான்னாரு, நீங்க தூள்னீங்க. எல்லாம் பொய்தானே?”

“தூள்தான் பொய். விஷம் நிஜம்.”

“நிஜமா?” அக்கா சிரித்தார். “குழந்தைக்குக் கொடுக்கறதைக் கெட்டுப்போச்சான்னு பார்க்காமக் கொடுப்பேனா? மத்தியானமே ஒண்ணு பிரிச்சுத் தின்னு பார்த்துட்டுதான் அனுப்பினேன். கல்லு மாதிரி உங்க முன்னால உட்கார்ந்திருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?”

எஸ்.ஐ. இதை எதிர்பார்க்கவில்லை. அவர் எலிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். எலிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எலிக்கும் ஒண்ணும் ஆகாதும்மா” என்றார் அவர். “ஒரு எலி தின்ன உடனே செத்தா, மத்த எலிங்க அதைச் சீந்தாது. அதுக்காகவே மெதுவா வேலை செய்யற மாதிரி செய்யறது. ரெண்டு மூணு நாள் நல்லா ஓடியாடும். அப்புறம்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிக்கும்.”

அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

“மாத்து மருந்து இருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனா காப்பாத்திடலாம். பெரியவங்க நீங்க. ஆனா சின்ன உடம்பு, அதுவும் ரெண்டு மூணு தின்னுட்டா...” என்றார் எலிக்காரர்.

“இன்னிக்குச் சனிக்கிழமை” என்றார் அக்கா. “இன்னிக்கு அவளுக்கு மூணரைக்கே ஸ்கூல் விட்டுடும்.”

அக்காவும் எலிக்காரரும் எஸ்.ஐ.யோடு ஜீப்பில் ஏறினார்கள். அக்கா கணவருக்கு விடாமல் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, எடுக்க ஆளில்லை. எஸ்.ஐ. ஓட்டுநரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “போ.” சந்து திரும்பியபோது வண்டி நிற்பதற்குள் அக்கா குதித்தார். செருப்பு ஒன்று தெருவிலேயே கிடந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் கட்டையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொல்லையில் கணவர் துவைக்கும் சத்தம்.

கூடத்தில் சீருடைகூட மாற்றாமல் சிறுமி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் டப்பா திறந்து கிடந்தது. அவள் கையில் ஒரு வெள்ளித்தாள் இருந்தது. அதை நகத்தால் நீவி நீவிச் சமன் செய்துகொண்டிருந்தாள்.

“தின்னியா?” அக்காவின் குரல் அலறலாக வந்தது. “வாயைத் திற! எத்தனை தின்னே?”

சிறுமி மிரண்டாள். அவள் முகம் அழுகைக்குக் கோணியது. “தின்னலைம்மா. அம்மா வந்தப்புறம்தான்னு அப்பா சொன்னாரு. மோந்து மட்டும்தான் பார்த்தேன். நிஜமா.”

பிரித்த துண்டு ஒரு தட்டில் முழுசாக இருந்தது. எலிக்காரர் டப்பாவைப் பறித்து உள்ளே பார்த்தார். வரிசை வரிசையாய்க் குழிகள். இரண்டுதான் காலி. ஒன்று தட்டில் இருந்தது. இன்னொன்று எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்.ஐ. சுவரில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி, மூச்சை விட்டார்.

“சீக்கிரம் வாங்க. ஆஸ்பத்திரி” என்றார்.

அக்கா மகளைக் குழாயடிக்கு இழுத்துப்போனார். சோப்பைப் போட்டுச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நகத்துக்கு அடியில் தேய்த்தார். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

“வலிக்குதும்மா” என்றாள் சிறுமி. பிறகு திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். “அந்த மாமா ஏன் டப்பாவை எடுத்துட்டுப் போறாரு? உனக்குன்னு ஒண்ணு பிரிச்சு வெச்சேனே. நீ சாப்பிடலையா?”

அக்கா தண்ணீரை நிறுத்தவில்லை.

“நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்டா கண்ணு” என்றார்.