தாய்த்தோல்

அந்த ஓநாய்ப் பாதுகாப்பு மையத்துக்குக் கால்நடை மருத்துவராக நான் போய் இறங்கியது சாதாரணமான ஒரு முற்பகல். வாசல் பலகையில் இயக்குநர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அழிந்துகொண்டிருக்கும் ஓநாய், அவர் தோளுக்குப் பின்னால், குடும்பப் படத்தில் தலை மட்டும் விழுந்த தூரத்து உறவுக்காரர் மாதிரி எட்டிப் பார்த்தது.

“இந்த இனமே இப்ப என் கையிலதான் இருக்கு டாக்டரம்மா,” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் இயக்குநர். மோதிரங்கள்தான் தெரிந்தன.

உண்மையில் அது இருந்தது பின்கட்டில், பகலிலும் இருட்டடித்த ஒரு கொட்டகையில். இரண்டு குட்டிகள். தாய் காய்ச்சலில் செத்திருந்தது. மனித முகமும் குரலும் பழகாமல் வளர்ந்தால் அவற்றைக் காட்டில் விடலாம். பழகிவிட்டால் ஆயுசுக்கும் கூண்டு, இல்லையென்றால் வீடுகளைத் தேடி வந்து துப்பாக்கிக் குண்டு. அதனால் செத்த தாயின் தலைத்தோலிலேயே ஒரு கையுறை தைத்திருந்தார்கள். தாடையும் பற்களும் அதனுடையவையே. சுவரில் இருந்த துவாரம் வழியாக அந்தக் கையை நீட்டி, அதன் வாயிலிருந்து கொத்திய இறைச்சியை ஊட்ட வேண்டும்.

ஊட்டுகிறவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஓயாமல் பேசுகிற மனிதரை வாய் திறக்கக் கூடாத வேலைக்குப் போட்டது நிர்வாகத்தின் தனித்திறமை.

சில நாட்களில் எனக்கு உறுத்தத் தொடங்கியது. குட்டிகள் இறைச்சியைத் தொடுவதில்லை; வயிறு மட்டும் உருண்டிருந்தது. துவாரத்தில் கைவிட்டுத் துழாவினேன். இரண்டுக்கும் நடுவே வைக்கோல், பெரிய உடம்பொன்று படுத்தெழுந்த மாதிரி அமுங்கியிருந்தது.

சூடாக இருந்தது.

“அண்ணே,” சுவரோரம் கிசுகிசுத்தேன். “உள்ள போய்ப் படுத்துக்கிறீங்களா?”

“நானா? நீங்கதான் பாசத்துல போறீங்கன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.”

“சாவி?”

“சார்கிட்ட.”

இருவரும் அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம். இயக்குநர் கண்ணாடி முன்னால் நின்று, இல்லாத ஒரு குட்டியை ஏந்திச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

“அவரேதான்,” என்றேன்.

ரேடியோ ஆணியில் தொங்கிய கையுறையின் வாயைப் பிளந்து காட்டினார். பற்களுக்கிடையே புதிய முயல் மயிர். “சாருக்கு ஷூ கயிறு கட்டவே ஆள் வேணும். முயல் பிடிக்கிறாராக்கும்?”

நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.

காட்டில் விடுவதற்கு முந்தைய நாள் படப்பிடிப்பாளர் ஒருவரோடு இயக்குநர் கொட்டகைக்கு வந்தார்.

“சார், வேண்டாம். ஒரு தடவை மடியில வச்சுட்டா மனுஷ வாசம் தேடி வந்துரும். சுட்டுருவாங்க.”

“ஒரே ஒரு படம்மா. இனத்தைக் காப்பாத்துறது யாருன்னு இனத்துக்கும் தெரியணும்ல?”

வலது கையில் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கதவிடுக்கு வெளிச்சத்தில் குட்டிகள் மூலையில் ஒண்டின. ஈர மயிரின் வாடை குப்பென்று வந்தது.

“இது ஏன் உள்ள சூடா இருக்கு?” அவர் குரல் தாழ்ந்தது. “யாராவது போட்டிருந்தீங்களா?”

காலையிலிருந்து யாரும் தொடவில்லை.

இடது கையைக் குட்டியின் பிடரிக்கு நீட்டினார்.

உறுமல் கேட்டது.

குட்டிகளிடமிருந்து அல்ல.

கையுறையின் உதடு மெல்லச் சுருண்டு ஏறியது. பிறகு அவருடைய வலது கை, அவருடைய இடது கையைக் கடித்தது.

கதறிக்கொண்டு வெளியே விழுந்தவரிடமிருந்து கையுறையை உருவினேன். தாடையை இயக்க அதில் ஒன்றுமில்லை. வெறும் நூல் தையல். மருத்துவமனையில், எந்த மிருகம் கடித்தது என்று கேட்டார்கள். ரேடியோ இயக்குநரின் வலது கையைச் சுட்டிக் காட்டினார். ஊசி மட்டும் தவறாமல் போட்டார்கள்.

மறுநாள் குட்டிகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் ஓடின. எனக்கு அது போதும். இயக்குநருக்கு அதைவிட அதிகம் கிடைத்தது: மேடைகளில் இப்போது தழும்பைக் காட்டி, வெறிகொண்ட ஓநாயிடம் தனியாளாகப் போராடிய கதையைச் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

போன வாரம் காட்டுக் கேமராவில் ஒரு காட்சி வந்தது. நடுமத்தியானம், இலை அசங்காத புழுக்கம். குட்டிகள் நன்றாக வளர்ந்திருந்தன. இரண்டும் பக்கம் பக்கமாக வந்தன, நடுவே தாராளமாக இடம் விட்டு.

“நடுவுல வெறுமையா இருக்கே, வெட்டி ஒட்டிருங்க,” என்றார் இயக்குநர்.

அந்த வெற்றிடத்தில் புல் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து வந்தது.

குட்டிகள் நின்றன. கண்ணை மூடி, அந்தப் பக்கமாக முகத்தைத் தூக்கின. ஒன்றின் நெற்றி மயிர் கீழிருந்து மேலாக, மெதுவாக, ஈரமாகப் படிந்தது.

பிறகு மற்றதற்கு.