முதலாளி வந்தால் நிற்கும் மோட்டார்

"என் கொழுந்தன் மேல தப்பில்லைன்னு நிரூபிச்சுக் குடுங்க சார். இல்ல, அவன்தான்னா அதையாவது சொல்லித் தொலைங்க. வீட்டுல நிம்மதியே போச்சு!"

துப்பறிவாளரின் வீட்டுக்கு வந்து உட்காரும் முன்பே பொறியாளர் அம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டார். மின்சார வண்டிகளின் மோட்டாரை இயக்கும் பெட்டி ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். உள்ளே இருப்பது சிலிக்கான் கார்பைடு சிப். கொதிக்கக் கொதிக்க வேலை செய்யும், தண்ணீர்க் குழாயும் வேண்டாம், விசிறியும் வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை. தினமும் மணிக்கணக்கில் ஓடுகிற அந்தப் பெட்டி, முதலாளி பார்க்க வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது. இருமுறை மானம் போயிற்று. இருமுறையும் பெட்டியருகே நின்றவன், அதே பட்டறையில் வேலை பார்க்கும் அவர் கணவரின் தம்பி.

"நாளைக்குப் பாக்க வரும்போதும் நின்னா அவனுக்கு வேலை இல்லைன்னு முதலாளி சொல்லிட்டார். நானும் கோவத்துல 'நீதான் ஏதோ பண்றியா'ன்னு கேட்டுட்டேன். அதுலேர்ந்து அவன் என்கிட்ட பேசறதே இல்லை."

"கொழுந்தன்தான் அத்தான்! சந்தேகமே வேணாம், பொறாமை!" என்று துள்ளினான் துப்பறிவாளரின் மைத்துனன்.

"அவசரத்துல அண்டாக்குள்ள கை போகாதுடா" என்றார் துப்பறிவாளர். இதை அவர் சொல்லிச் சொல்லியே பையனுக்கு அண்டா என்று பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் துப்பறிவாளரும் அண்டாவும் போனபோது பட்டறை அடுப்படி மாதிரிக் காந்தியது. மேஜைமேல் கிடந்த ஒவ்வொரு காகிதத்தின் மீதும் ஒரு ஸ்பானரோ நட்டோ உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே பெட்டி ஓட, மோட்டார் சீராக முனகியது. கொழுந்தன் தலை நிமிராமல் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அண்டா அவனை முறைத்தபடி காவல் நின்றான்.

"அடடா, உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதே! உட்காருங்க சார்." பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையோரம் சுழன்ற மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். தேநீர் வந்தது. அது தீர்வதற்குள் மோட்டார் பொசுக்கென்று நின்றது.

"பிடிச்சுட்டேன்!" அண்டா பாய்ந்து கொழுந்தனின் கையைப் பற்றினான்.

"ஐயோ, நான் ஒயர்தான்யா சுத்தறேன்!"

"விடுடா அவரை" என்றார் துப்பறிவாளர். "முதலாளியைக் கூப்பிடுங்கம்மா. ஆள் அகப்பட்டாச்சு."

முதலாளி கழுத்தைத் துடைத்தபடி வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் பொறியாளரின் கை தானாகவே மின்விசிறியை நோக்கிப் போயிற்று.

"அந்தக் கைதான் குற்றவாளி" என்றார் துப்பறிவாளர்.

பொறியாளர் திகைத்துப்போனார். "என் கையா?"

"காகிதத்துக்கெல்லாம் ஏன் ஸ்பானர் வெச்சிருக்கீங்க? ஃபேன் எப்பவும் மேஜையைப் பாத்தே ஓடுது. உங்களுக்குன்னு வெச்ச காத்தை இந்தப் பெட்டியும் சேர்ந்து வாங்கிக்குது. பெரியவங்க வந்தா மரியாதைக்கு ஃபேனை அவங்க பக்கம் திருப்பிடறீங்க. இப்ப எனக்கும் திருப்பினீங்க, மோட்டார் நின்னுது."

"ஆனா என் சிப் இதைவிடப் பெரிய சூட்டையெல்லாம் தாங்குமே சார்!"

"ராஜா தாங்குவார்மா. அவர் வாசல்ல நிக்கற காவலாளி? அந்தச் சிப்புக்கு 'திற, மூடு'ன்னு உத்தரவு குடுக்கறது எது?"

பொறியாளர் பெட்டியைத் திறந்து, பெரிய சிப்பை ஒட்டினாற்போல் இருந்த குட்டிச் சிப்பைத் தொட்டார். அவர் முகம் மாறியது. "இது சாதாரணமானது. சூடேறினா தானே நின்னுடும். ஆறினா மறுபடி ஓடும். பெரியதையே பாத்துப் பாத்து இதை மறந்தே போயிட்டேனே!"

"அப்ப சதி இல்லையா அத்தான்?" அண்டாவுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

"இல்லடா. வெறும் உபசாரம்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார், சரிசெய்ய அவகாசமும் கொடுத்தார். கடும் சூடு தாங்கும் குட்டிச் சிப் வந்ததும், மின்விசிறியை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டினார்கள். முதலாளியின் சட்டை முழுக்க நனைந்தது. மோட்டார் நிற்கவே இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பொறியாளர் கொழுந்தனிடம் போனார். "தப்பு என்னோடது தம்பி. பழியை உன் தலையில போட்டுட்டேன். மன்னிச்சுடுப்பா."

"வேலை போயிடுமேன்னு நான் பயப்படல அண்ணி. நீங்களே அப்படிக் கேட்டுட்டீங்களேன்னுதான்..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, விடுங்க. இனிமே எது நின்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்து அண்ணனைச் சந்தேகப்படுவோம்."