முதல் வரிசையில் மாமா

"நேத்து நான் சந்தோசமா இருந்தேனா?" என்று பல் துலக்கிக்கொண்டே கேட்டார் தனசிங்.

சுவரோரம் மின்னூட்டம் ஏற்றிக்கொண்டு நின்ற பதிலி கண் திறந்தது. "இருந்தீர்கள். கொக்கிரகுளத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கட்டிப்பிடித்தீர்கள். பிரியாணி பிரமாதம் என்று மூன்று பேரிடம் சொன்னீர்கள்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவர்களும் பதிலிகள்தான். பிரமாதம் என்றே சொன்னார்கள்."

"அப்பம் சரி" என்று வாயைக் கொப்பளித்தார். ஒரு கல்யாணம் முடிந்தது.

பாளையங்கோட்டையில் அப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் பதிலி, சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் பதிலி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கும் பதிலி. ஆள் உயரத்தில் ஓர் இயந்திரம்; முகத்தகட்டில் உடையவரின் முகம்; தொண்டையில் அவருடைய குரல். பதிலி போனால் ஆள் போன மாதிரி, பதிலி சொன்னால் ஆள் சொன்ன மாதிரி என்று சட்டமே போட்டாகிவிட்டது. நேரமில்லை என்பதற்காகச் செய்ததாம். நேரமாவது ஒன்றாவது! வீட்டில் காலை நீட்டிக் கிடக்கத்தான். தனசிங்கும் கங்கைகொண்டானில் சூரியத் தகடுகளைக் கழுவும் இயந்திரங்களை நாற்காலியில் சாய்ந்தபடியே மேற்பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அதே நாற்காலியில்தான் கிடந்தார்.

அன்று காலை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை கிரேஸின் மகள் பிரிசில்லா நாகர்கோவிலிலிருந்து மாற்றலாகித் தாமிரக்கரைக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள். பந்தை முன்னெடுத்துப் போய் ஆட்டத்தை நடத்துகிற கார்டு அவள். போன வருடம் ஆட்டத்துக்கு முப்பது புள்ளிக்குக் குறையாமல் போட்டவள். முருகன்குறிச்சியிலிருந்து சமாதானபுரம் வரைக்கும் வெளிச்சப் பலகையெல்லாம் அவள் முகம்தான். பதினாறு வருடமாகக் கோப்பை பார்க்காத கல்லூரி, காய்ந்த மாடு கம்பங்கொல்லையைப் பார்த்த மாதிரி அவளைப் பார்த்தது.

தனசிங்குக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு முதல் பந்து வாங்கிக் கொடுத்த தாய்மாமன் அல்லவா? லீவுக்கு வந்தால் அவர் மடியோரம் உட்கார்ந்து சுவர்த்திரையில் மேட்ச் பார்த்த பிள்ளை. முதல் வரிசையில் ஒரு வருட இருக்கை எடுத்தார். எடுத்துவிட்டு, வழக்கம்போல, பதிலிக்கு அணியின் சால்வையைப் போர்த்தினார்.

எந்தப் பதிலிக்கும் பிடரியில் ஒரு திருகு உண்டு. எதிர்பார்ப்பு அளவு என்று அதற்குப் பெயர். ஆட்டத்துக்கு அனுப்பும்போது எத்தனை புள்ளி வேண்டுமோ அதில் வைத்துவிட்டால் போதும். அளவு நிறைந்தால் பதிலி மகிழும், குறைந்தால் ஏசும். மகிழ்ச்சியோ ஏச்சோ, அரங்கத்தில் ஒலிக்காது. ஆட்டக்காரர்களின் காதுக்குள் அரிசி அளவில் ஒரு செவிமணி பதித்திருப்பார்கள். நேரே அதற்குள் போய்விடும். இரசிகர் குரலைக் கேட்க மாட்டேன் என்று எந்த ஆட்டக்காரரும் சொல்ல முடியாது. அது இரசிகர் உரிமை.

தனசிங் திருகை முப்பதில் வைத்தார். பக்கத்து வீட்டு ஏசுவடியான் முப்பத்தைந்தில் வைத்திருப்பதாக மனைவி பொன்மலர் வந்து சொன்னாள். சொந்த மாமன் ஊரானுக்கு இளைத்தவனா? நாற்பதுக்குத் திருகினார். அதோடு அதை மறந்தும் போனார்.

ஆட்டங்கள் தொடங்கின. மறுநாள் காலையில் பதிலி சொல்லும்: "நீங்கள் ஏமாற்றமடைந்தீர்கள். இருபத்திரண்டுதான்." அடுத்த ஆட்டத்துக்கு, "மிகவும் ஏமாற்றமடைந்தீர்கள். பதினெட்டு."

"நான் ரொம்ப ஏமாந்துட்டனாம்" என்று இட்லித் தட்டின் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேச்சுல ஜெயிச்சாங்களா தோத்தாங்களா?" என்றாள் பொன்மலர்.

அவருக்குத் தெரியவில்லை. பதிலிக்கும் தெரியவில்லை, அதைப் பார்த்து வைக்கும்படி யாரும் அதனிடம் சொல்லவில்லை. விசாரித்தால் ஜெயித்திருந்தார்கள். அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும்! புது அணியில் கூடைக்குக் கீழே நெட்டையாய் நான்கு பிள்ளைகள் இருப்பதைப் பிரிசில்லா வந்த அன்றே பார்த்துவிட்டாள். தான் போடுவதைக் குறைத்து, அவர்களுக்குப் பந்தை ஊட்டினாள். அணி தோற்கவே இல்லை. ஊர் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏமாந்துகொண்டே இருந்தது.

நடுவில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். திரையில் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"மாமா, நீங்க மேச்சுக்கு வாரியளா?"

"என்னட்டி இப்படிக் கேக்க? ஒரு மேச்சு விடாம முதல் வரிசைல உக்காந்திருக்கேன்லா!" என்றார். பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா மாமா. உங்க சத்தம் கேக்கு."

"கேக்குல்லா? அதான் வேணும். நல்லா ஆடு என்ன!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; பிறகு, "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். என் சத்தம் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கிறது என்று அவர் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்தார். பாவி மனுஷன்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் கிரேஸ் அழைத்து அழுதாள். "அண்ணே, பிரிசி இன்னையோட ஆட்டத்தையே விடப்போறாளாம். சோறு எறங்க மாட்டேங்கு. எந்நேரமும் காதப் பொத்திக்கிட்டே இருக்கா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கா. நீங்க சொன்னா கேப்பா. நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

இந்த ஒரு வார்த்தையைப் பதிலியிடம் கொடுத்தனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. பதிலி வழக்கம்போல மதியமே கிளம்பிப் போயிருந்தது. சாயங்காலம் தனசிங் வேட்டியை மாற்றிக்கொண்டு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, தானே பஸ் ஏறினார்.

அரங்க வாசலில் காவலாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே வந்திருக்கியளா? ஏன், பதிலி ரிப்பேரா?"

"இல்ல. நம்ம பிள்ள ஆடுதா. பாக்கணும்."

"உங்க சீட்டுல ஏற்கெனவே நீங்க உக்காந்திருக்கியளே அண்ணாச்சி" என்றார் காவலாள், கருவியைப் பார்த்து. பிறகு என்ன நினைத்தாரோ, "நடைபாதையில நின்னுக்கிடுங்க" என்று விட்டார்.

உள்ளே போன தனசிங்குக்குத் திக்கென்றது. அரங்கம் நிறைந்திருந்தது, சத்தமே இல்லை. பந்து தரையில் மோதுகிற ஓசையும் காலணி கீச்சிடுகிற ஓசையும்தான். ஆயிரக்கணக்கான முகத்தகடுகளில் ஊர்க்காரர்களின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஏசுவடியான் இருந்தார். பால்காரர் இருந்தார். பிரிசில்லாவின் பழைய வாத்தியாரம்மாகூட இருந்தார்.

நடுவில் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் மறித்தார்கள். கண்ணை ஒரு பக்கம் காட்டி, கையை மறுபக்கம் வீசினாள். பந்து கூடைக்குக் கீழே நின்ற நெட்டைப் பிள்ளையின் கையில் போய் உட்கார்ந்தது. இரண்டு புள்ளி. தனசிங்குக்கு மெய்சிலிர்த்தது. அடடா, என்ன பிள்ளை! இத்தனை நாளாய் இதையா பார்க்காமல் கிடந்தோம்?

அதே நொடியில் அரங்கத்து உதடுகளெல்லாம் வேகமாக அசைந்தன. அவருடைய பதிலியின் உதடும்தான். அவர் முதல் வரிசைக்குப் போய், குனிந்து அதன் வாயோரம் காதை வைத்தார்.

"செத்த மூதி! கைய என்ன கடனா வாங்கிட்டு வந்திருக்கு? போடுதாளா பாரு. ஒனக்கெல்லாம் எதுக்குட்டி பந்து? வீட்டுல போயிச் சட்டி கழுவு. தண்டச்சோறு!"

அவருடைய குரல். அவருடைய இழுப்பு. மூதிக்குப் பிறகு நாக்கை மடித்து ஒரு சொடுக்கு விடுவாரே, அதுகூட இருந்தது.

"நிறுத்துல!" என்று அதன் தோளைப் பிடித்து உலுக்கினார். "எவன்ல ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கள்தான்" என்றது பதிலி மரியாதையாக. "சுவர்த்திரையின் முன்னால் நீங்கள் பேசிய பதிவு முழுவதையும் ஏற்றச் சொன்னீர்கள். அச்சு அசலாக உங்களைப் போலவே இருக்க வேண்டும் என்றீர்கள்."

சொன்னார்தான். கடைக்காரனிடம் பெருமையாகச் சொன்னார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்றா இரண்டா? ஆட்டத்துக்கு ஆட்டம், அவள் கொடுத்த ஒவ்வொரு பந்துக்கும், இந்தக் குரல் அந்தப் பிள்ளையின் காதுக்குள் போயிருக்கிறது. அவர் பிடரித் திருகைப் பிடித்தார். நாற்பதிலிருந்து இறக்கினார், பூஜ்யத்துக்கே இறக்கிவிட்டார்.

"எதிர்பார்ப்பு இல்லாதவர் இரசிகர் அல்லர்" என்றது பதிலி. "இருக்கை கைவிடப்படுகிறது."

அது எழுந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு, தனசிங்கின் முகத்தோடு, வாசலைப் பார்த்து நடந்தது.

களத்தில் பிரிசில்லா சட்டென்று நின்றாள். கையிலிருந்த பந்தை மறந்து முதல் வரிசையைப் பார்த்தாள். ஒரே ஒரு இருக்கை காலி. மாமா நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"பிரிசி! ஏட்டி, நான் இங்க இருக்கேன்!" என்று தனசிங் நடைபாதையிலிருந்து கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அவள் காதில் ஊரே நிறைந்திருந்தது. அதற்குள் வெறும் மனிதக் குரல் எங்கே நுழையும்? அவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் கூடைக்குக் குறி பார்க்கவில்லை. வந்த பந்தையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

தாமிரக்கரைக் கல்லூரி கோப்பையை வென்றது. பிரிசில்லா பதினொன்று. வென்ற செய்தி எந்த வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் காலை ஊர் முழுக்க ஏமாற்றத்தோடு விழித்ததால் ஊர்வலமும் இல்லை, மேளமும் இல்லை.

ஆட்டம் முடிந்த அன்றிரவே அவளைப் பின்வாசலில் பிடித்தார் தனசிங். காதோரம் சின்னதாய் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. ஆட்டத்தை விட்டாயிற்று என்று செவிமணியை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

"மாமா?" என்று திகைத்தாள். "நெசமா நீங்களா?"

"நான்தாம்மா. நெசமா நான்தான். ஆட்டத்த விடாத தாயி. என்னமா ஆடுத! அந்தச் சவம் பேசுனது எதுவும் நான் இல்ல. கர்த்தர் சாட்சியா நான் அப்படி நெனச்சதே இல்ல."

"நீங்க நெனச்சிருக்க மாட்டியன்னு தெரியும் மாமா." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "அம்புட்டுப் பேரு ஏசுனதுல உங்க சத்தம் ஒண்ணுதான் நான் சின்னதுலருந்து கேட்ட சத்தம். ஏசுனா ஏசட்டும், நம்ம மாமா இருக்காருன்னு அதப் புடிச்சிக்கிட்டுத்தான் ஆடுனேன். இன்னைக்கு அதுவும் எந்திச்சுப் போயிருச்சி."

"உன் நல்லதுக்குத்தான் நான் அதோட திருக எறக்குனேன்..." என்று இழுத்தார்.

"உங்க பக்கத்துல உக்காந்து மேச்சு பாப்பேன்லா மாமா? திரையில ஆடுத அக்காமார நீங்க மூதி, தண்டச்சோறுன்னு ஏசுவிய. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவங்களுக்குக் கேக்காதுன்னுதான நெனச்சோம்?"

அவள் அவர் கையைத் தொட்டுவிட்டு, கூட்டிப்போக வந்து நின்ற தாயின் பக்கம் போனாள். பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. படிப்பை முடித்துக் கொச்சியில் வேலைக்குப் போய்விட்டாள்.

வேலைக்குப் போன வருடக் கிறிஸ்துமஸுக்குப் பிரிசி வருகிறாள் என்று கிரேஸ் சொன்னதும் தனசிங் பதிலியை உள்ளறையில் பூட்டி வைத்தார். தானே சந்தைக்குப் போனார். அவளுக்குப் பிடித்த பலகாரம் என்று முந்திரிக்கொத்து உருட்டினார். பொன்மலரைக்கூடக் கைவைக்க விடவில்லை. என்னென்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசல் மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தார்.

"ஸ்தோத்திரம் மாமா! நல்லாருக்கியளா? அத்த எங்க?" முகத்தகட்டில் பிரிசில்லா வாய் நிறையச் சிரித்தாள்.

அவர் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, முந்திரிக்கொத்துத் தட்டை அதன் முன்னால் வைத்தார். தொடாமலேயே, "ரொம்ப நல்லாருக்கு மாமா" என்றது அது. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் பின்னால் போய் அதன் பிடரியைப் பார்த்தார். திருகு பூஜ்யத்தில் இருந்தது.

"என்னைக்காவது நீ வருவியாட்டி?" என்று கேட்டார் தனசிங்.

"என்ன மாமா இப்படிக் கேக்கிய? வந்து உங்க முன்னால உக்காந்திருக்கேன்லா!"

தனசிங் தட்டை இன்னும் கொஞ்சம் அதன் பக்கம் நகர்த்தி வைத்தார்.