பின்னறை வாசல்

கணவரின் அறையில் பசை வாசனை அடித்தது. மருந்து, வெந்நீர், துவைத்த போர்வை என்று அந்த அறைக்கு எட்டு மாதமாக ஒரு வாசனை உண்டு. இது அதுவல்ல. பொம்மை வீட்டுக்கு அவள் பூசுகிற வெள்ளைப் பசை. அந்த டப்பாவை அவள் கூடத்து மேஜையைத் தாண்டிக் கொண்டுவந்ததே இல்லை. திரையை விலக்கப்போனவள் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பசை காய்ந்தாற்போல் துணி விறைத்திருந்தது.

"என்ன மேஸ்திரியம்மா, வீடு முடிஞ்சுதா?" என்றார் அவர். பக்கவாதம் வந்தபின் சொற்கள் வாயின் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வெளியே வந்தன. கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"கூடத்துச் சுவர் ஒண்ணுதான் பாக்கி."

"முடி. நாம ரெண்டு பேரும் அங்கேயே போயிடலாம். படி சின்னது, எனக்கு வசதி."

சிரித்தபடி தலையணையைச் சரிசெய்ய நிமிர்ந்தவள் கூரையைப் பார்த்தாள். நேற்றுவரை வெள்ளையாக இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். மழைக் கசிவு என்று நினைத்தாள். ஆனால் அதிலிருந்து வந்தது ஈரச் சுண்ணாம்பு வாசனை அல்ல, ஆறிப்போன தேநீரின் வாசனை.

அந்தப் பொம்மை வீடு அவர் கொடுத்ததுதான். இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு, விழுவதற்கு ஒரு மாதம் முன்னால். நூறு வருடத்துக்கு முந்தைய பாணியில் ஒட்டிச் சேர்க்க ஒரு பெட்டி நிறைய பிளைவுட் துண்டுகள், ஓரடிக்கு ஓரங்குலம் என்று கணக்கு. அவர் படுக்கையில் விழுந்தபின்தான் பெட்டியைப் பிரித்தாள். ஒரு வேளை மருந்துக்கும் அடுத்த வேளை மருந்துக்கும் நடுவில் படிக்கட்டுக்கு மெருகு போட்டாள், ஜன்னலுக்குச் சட்டம் கட்டினாள். பின்னறையை நேற்று முடித்தாள். அவர் அறைத் திரையில் மிஞ்சிய துணியை ஜன்னலுக்கு ஒட்டினாள். பழசாகத் தெரியட்டும் என்று கூரையில் தேநீரைத் தொட்டு வட்டம் போட்டாள். கட்டிலை அவர் கட்டில் போலவே வாசலுக்கு நேராகப் போட்டாள். வாசலுக்கும் கட்டிலுக்கும் இங்கே இரண்டடி, அங்கே இரண்டங்குலம். தலைமாட்டில் அவருடைய கைமணிக்குப் பதிலாக நாக்கில்லாத ஒரு பித்தளை முத்து. பிறகு பின்பலகையை ஒட்டி மூடிவிட்டாள். இனி கூடத்துச் சுவரில் உள்ள வாசல் வழியாக எட்டிப் பார்த்தால்தான் அந்த அறை தெரியும்.

மதியம் நாத்தனார் போன் செய்தாள். எங்கள் அண்ணனைப் பார்க்கச் சொன்னால் எலிக்கு வீடு கட்டுகிறீர்களாமே என்று சீண்டினாள். இவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவந்தாள். அதற்குள் உள்ளே மணி அடித்தது. ஒரு தடவை என்றால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் ஒன்றும் வேண்டாம், சும்மா வா. விடாமல் அடித்தால் அவசரம். அன்று காலையிலிருந்து இரண்டு இரண்டாகப் பதினொரு முறை அடித்திருந்தார்.

"ஒரே ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேக்காம இருந்தா போதும்மா," என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்களும் மனுஷிதானே அண்ணி," என்று மட்டும் சொல்லி நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

கடைசிச் சுவருக்குச் சின்னப் பூப்போட்ட காகிதம் போதவில்லை. பரணிலிருந்து தன் வீட்டுக் கூடத்துக்கு ஒட்டிய வால்பேப்பரின் மிச்சச் சுருளை எடுத்தாள். அதிலிருந்த பச்சை இலைக்கொடி பொம்மை வீட்டின் அளவுக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை. இந்த வேலையில் ஒரு முறை உண்டு. வாசலுக்கென்று முதலில் வெட்டக்கூடாது. வாசலையும் சேர்த்து முழுச் சுவரையும் மூடி ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகு கட்டரால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நாலு மடிப்பையும் உள்ளே மடக்க வேண்டும். ஈரத்தில் கீறினால் கத்தி கைக்கு அடங்காது. பசையைப் பூசினாள், ஒட்டினாள், துணியால் நீவி நீவிக் குமிழிகளை வெளியேற்றினாள். வாசல் மறைந்தது. வீடு முழுக்க ஓர் அமைதி.

பிறகு மணி அடித்தது. விடாமல்.

எங்கோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அடங்கிக் கேட்டது. எழுந்து அவர் அறையை நோக்கி நான்கு எட்டு வைத்தாள்.

கதவு இல்லை.

பச்சைக் கொடி சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சீராக ஓடியது. நிலை இல்லை. கைப்பிடி இல்லை. தொட்டாள். ஈரம். விரலில் வெள்ளையாகப் பசை.

"என்னங்க?"

மணி.

கதவு இருந்த இடத்தில் அழுத்தினாள். தோல் போல உள்வாங்கியது, கிழியவில்லை. நகத்தால் பிறாண்டினாள். சமையலறைக் கத்தி ஈரத்தில் வழுக்கியது. நாற்காலியால் அடித்தாள். தொம்மென்று சத்தம், அவ்வளவுதான். உள்ளே மணி மெதுவாகிக்கொண்டே வந்தது. காற்று. அந்த அறையில் காற்று எவ்வளவு இருக்கும்? பின்பலகையை ஒட்டி மூடியது அவள்தானே.

திரும்பினாள். மேஜை. பொம்மை வீடு. அதே கொடி, அதே ஈரம்.

காயவில்லை. காயும்வரை அவர் தாங்கமாட்டார்.

"இதோ வந்துட்டேங்க."

கட்டரை நீட்டினாள். ஒரு கீறல். காகிதம் கத்தியோடு இழுபட்டுச் சுருண்டது. இரண்டாவது கீறலுக்கு அழுத்தினாள். திடீரென்று காகிதம் இளக, கத்தி சறுக்கி உள்ளே போனது.

முதுகுக்குப் பின்னால் சுவர் கிழிந்தது. கனமாக, ஈரமாக.

மணி நின்றது.

கத்தியை வெளியே எடுத்தாள். எவ்வளவு உள்ளே போயிருந்தது என்பதை ஈரமே காட்டியது. பசை வெள்ளை. இது வெள்ளை இல்லை. நுனியிலிருந்து இரண்டங்குலம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்ததெல்லாம் கண்ணோரத்தில்தான். ஆளுயர நாலு மடிப்புகள் சுவரிலிருந்து தொங்கி மெல்ல ஆடின. நடுவில் இருட்டு. அதற்குள்ளிருந்து பிளைவுட் வாசனை.

அப்போது மேஜைமேல், பொம்மை வீட்டின் பின்னறைக்குள், நாக்கில்லாத அந்தப் பித்தளை முத்து அடித்தது.

இரண்டு தடவை.