வட்டகொடையின் வெற்று டிஸ்க்

1986 ஜூன் 12, வியாழன். காலை 8.40.

தேயிலைக் கம்பனியின் ஹட்டன் கந்தோரில் கம்பியூட்டர் பிரிவுத் தலைவர் றோலண்ட் அரக்கு முத்திரையை உடைத்து, உறையிலிருந்த டிஸ்க்கை மெஷினில் போட்டார். திரையில் ஒன்றுமே வரவில்லை. எந்தத் தேயிலை எந்தப் பெட்டியில் போனது என்ற வட்டகொடைத் தொழிற்சாலையின் ஒரு வாரப் பட்டியல் மாயம். இது மூன்றாவது தடவை.

கம்பியூட்டர் பிரிவு பூட்டிய அறைக்குள் கிடந்தது போதும், தொழிற்சாலைக்கு உதவட்டும் என்றுதான் கம்பனி ஏப்ரலில் அங்கே ஒரு மெஷினை வைத்தது. அதில் வேலை பார்ப்பவள் றோசலின், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து முன்னேறிய பெண். அவள்தான் வேண்டுமென்று அழிக்கிறாள் என்று றோலண்ட் சாதித்தார். பகல் பன்னிரண்டுக்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. கம்பனிக்காக விசாரிக்க வந்தவர் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் கஸ்பர். பாவம், டிஸ்க்கை அவர் கண்ணால் பார்த்ததே அன்றைக்குத்தான்.

காலை 9.50. வட்டகொடை.

"அனுப்புறதுக்கு முன்ன போட்டுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சேர். எல்லாம் இருந்திச்சு. நானே அரக்கு வச்சு, பேக்கிங் ரூம் ஜன்னல்ல வீரய்யா அண்ணன்கிட்ட குடுத்தேன்."

முத்திரை உடையாமல்தான் வந்தது என்று கூடவே வந்திருந்த றோலண்டே ஒப்புக்கொண்டார். மூடிய உறைக்குள் எழுத்து எப்படி அழியும்? கஸ்பருக்குத் தலை சுற்றியது. போதாக்குறைக்கு இன்னொன்று. மண்சரிவில் ரயில் நின்ற வாரம், றோசலினே பஸ்ஸில் கொண்டுபோன டிஸ்க் மட்டும் நன்றாக இருந்திருக்கிறது. நினைத்தால் ஒழுங்காகக் கொடுக்கிறாள், பாருங்கள் என்றார் றோலண்ட்.

காலை 10.20. பேக்கிங் அறை.

மேசையோரம் கிடந்த கறுப்புக் கட்டையில் இடது கையை ஊன்றிக்கொண்டு கஸ்பர் வீரய்யாவை விசாரித்தார். இருபத்தாறு வருடம் அந்த அறையே கதியென்று இருப்பவர். டிஸ்க் உறை, தேயிலை சாம்பிள் பார்சலோடு ரயிலில் போகிறதாம். சுவரில் றோலண்ட் கையெழுத்திட்ட அறிவித்தல் ஒன்று இருந்தது: "டிஸ்க் உறை மிக முக்கியமானது. சாம்பிளுக்குச் செய்யும் எல்லாச் சோதனைகளையும் அதற்கும் செய்தே அனுப்ப வேண்டும்."

"என் கையத் தாண்டிப் போற எதுலயும் கல்லு, தூசி, இரும்பு ஒண்ணும் இருக்காதுங்கய்யா," என்றார் வீரய்யா பெருமையாக.

காலை 10.20. ரயில் நிலையம்.

பார்சல் பூட்டிய பெட்டியில்தான் போனது என்று ஸ்டேஷன் மாஸ்டர் அடித்துச் சொன்னார். கஸ்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். அங்கே மணி 11.15.

காலையில் சாவி கொடுத்த கடிகாரம் ஏன் நின்றது? கஸ்பர் கடிகாரம் கட்டிய இடது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, றோசலினையும் றோலண்டையும் பேக்கிங் அறைக்கு அழைத்தார்.

காலை 11.40. மறுபடி பேக்கிங் அறை.

"வீரய்யா, சாம்பிள்ல இரும்புத்தூள் இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

"இந்தக் காந்தக் கட்டையில ஓட்டி எடுப்போங்க." வீரய்யா மேசையோரம் கிடந்த கறுப்புக் கட்டையை எடுத்துக் காட்டினார்.

"டிஸ்க்க?"

"அதையுந்தாங்க. நோட்டீஸ்ல போட்டிருக்கே. ரெண்டு பக்கமும் நல்லாத் தேச்சுத்தான் அனுப்புவேன்."

றோசலின் தலையில் கை வைத்தாள். டிஸ்க்கில் எழுத்தைப் பிடித்து வைப்பதே காந்தந்தான். அதைவிடப் பெரிய காந்தம் பட்டால் எதுவும் மிஞ்சாது. பஸ்ஸில் போன டிஸ்க் தப்பியது இந்த அறைக்கு வராததால். கஸ்பரின் கடிகாரத்தையும் அதே கட்டைதான் நிறுத்தியிருக்கிறது.

"அப்ப அந்தப் புள்ள வேலைய நானா அழிச்சிக்கிட்டிருந்தேன்?" வீரய்யா கட்டையைத் தள்ளி வைத்தார்.

இவரைத்தான் முதலில் வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று றோலண்ட் ஆரம்பித்தார். கஸ்பர் விடவில்லை.

"அவரு நீங்க எழுதினத எழுத்துக்கு எழுத்து செஞ்சாரு. சாம்பிளுக்கு என்ன சோதனைன்னு தெரியாமலே நோட்டீஸ் எழுதினது நீங்க. இந்த ரூமுக்கு இதுக்கு முன்ன ஒரு தடவ வந்திருக்கீங்களா சேர்?"

றோலண்ட் இல்லை என்று தலையசைத்தார். அந்த அறை அவருக்கு அன்றைக்குத்தான் அறிமுகம்.

கஸ்பர் விசாரணைத் தாளை அவர் முன் நகர்த்தி, பொறுப்பாளி யார் என்ற இடத்தை அவரையே நிரப்பச் சொன்னார். றோலண்ட் பேனாவை எடுத்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தன் பெயரையே எழுதினார். றோசலின் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அப்போதுதான் அழுது தீர்த்தாள்.