அம்மாவின் உயரம்

"இன்னிக்கு நீ முன்னால வராதே," என்றாள் கிமியே.

ஷினோ அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏன்க்கா?"

"ஏன்னா கேக்கறே? கண்ணாடியில உன்னைப் பாத்ததே இல்லையா?"

கிமியே ஷினோவின் கணவன் இசாவோவுக்கு அக்கா. கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். நெடுநெடுவென்று உயரம். சமையலறைக்குள் தலையைக் குனிந்துதான் வருவாள். அந்தக் கதவு நிலை தாழ்வானது என்பதே ஷினோவுக்கு அவளைப் பார்த்துத்தான் தெரியும்.

மதியம் நுமாதா வருகிறார். தொழில்முறை பேஸ்பால் குழு ஒன்றுக்காகப் பள்ளி மைதானங்களில் ஆள் பார்க்கிறவர். ஷினோவின் மகன் தெப்பெய் பந்து எறிவதைக் கோடை முழுவதும் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்திருந்தார். விதி அனுமதிக்காததால் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொழில்முறை ஆட்டத்துக்குப் போக விருப்பம் என்று தெப்பெய் முறைப்படி தெரிவித்துவிட்டான். இனி அவர் வீட்டுக்கு வரலாம். இந்த மாதக் கடைசியில் எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி, பள்ளி முடிக்கும் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். பெயர் வராதவனுக்கு வேறு வழிதான்.

"கூட்டுறவு சங்கத்துல பேசிக்கிட்டாங்க. பையனை அவங்க பாத்து முடிச்சாச்சாம். வீட்டுக்கு வர்றது அம்மாவைப் பாக்கத்தானாம். உயரம், தோளு, இடுப்பு... அம்மாவை வெச்சுத்தான் பையன் உடம்பு இன்னும் விரியுமான்னு கணக்குப் போடுவாங்களாம்."

"குதிரை வாங்கவா வர்றாங்க?"

"சிரிக்காதே! அவன் வாழ்க்கை இது." கிமியே கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் அம்மான்னு உக்காந்துக்கறேன். நீ உள்ளயே இரு. டீயைக்கூட நானே எடுத்துக்கறேன்."

"அக்கா... தெப்பெய் என்ன நினைப்பான்?"

"பெத்தவளா இருந்தா இப்பிடிக் கேக்க மாட்டே. என் புள்ளைக்கு நல்லதுன்னா ஒளிஞ்சுக்கறேன்னு நீயே சொல்லியிருப்பே!"

தெப்பெய் வீட்டில் இல்லாதபோது மட்டும் அந்தப் பேச்சு வரும்.

இசாவோவின் முதல் மனைவி ஒரு தொழிற்சாலைக் குழுவில் வாலிபால் ஆடியவள். குழந்தை தவழத் தொடங்கும் முன் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இசாவோ செண்டாய் நகரத்தை விட்டு அப்பாவின் ஆப்பிள் தோட்டத்துக்குத் திரும்பியபோது கையில் குழந்தையும் பக்கத்தில் புது மனைவியும் இருந்தார்கள். ஊர் ஷினோவையே பெற்றவளாக எடுத்துக்கொண்டது. யாரும் மறுக்கவில்லை. தனக்கென்று ஒரு குழந்தை வேண்டாம் என்று ஷினோ முடிவு செய்தாள். இன்னொன்று பிறந்து பக்கத்தில் நின்றால் இவன் வேறு என்று எவருக்கும் தெரிந்துவிடும். அதை இசாவோவிடம்கூட அவள் விளக்கிச் சொன்னதில்லை. கிமியே வேறு மாதிரி புரிந்துகொண்டாள். மலடி என்று ஒருமுறை வாய்விட்டும் சொல்லியிருக்கிறாள்.

"சரிக்கா," என்றாள் ஷினோ. "உள்ளயே இருக்கேன்."

நுமாதாவைப் பள்ளிப் பயிற்சியாளர் அழைத்து வந்தார். தோட்டத்தில் நிறம் ஏறுவதற்காக ஆப்பிள்களின் நிழல் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்த இசாவோ, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஷினோ காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தாள். மடியில் கைத்துணி.

"அம்மாங்களா?" நுமாதாவின் குரல்.

"ஆமாங்க," என்றாள் கிமியே.

"நல்ல உயரம்!" அந்தக் குரலில் ஒரு மலர்ச்சி. "தோளும் நல்லா..."

"இவங்க என் அத்தை," என்றான் தெப்பெய்.

"டேய்..." என்றாள் கிமியே.

காலடி கேட்டது. கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. தெப்பெய் மேலிருந்து பார்த்தான்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்கே? உள்ள வா."

ஷினோ வந்தாள். தலை தரையைத் தொட வணங்கினாள். நிமிர்ந்தபோது நுமாதா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையான பார்வைதான். தலையிலிருந்து முழங்கால்வரை இறங்க அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பிறகு அவர் தேநீரை எடுத்துக் குடித்தார். கோப்பையை வைத்தார்.

"பையன் நல்லா எறியறான். நினைச்ச இடத்துல பந்து விழுது. இப்ப இருக்கற உடம்புக்கு இது பெரிய விஷயம்."

இப்ப இருக்கற உடம்புக்கு. ஷினோவுக்குக் கேட்டது.

"நாங்க தேடறது இன்னிக்கு எறியறவனை இல்லீங்க. மூணு வருஷம் கழிச்சு எறியப் போறவனை. இவன் மெலிசு. இதுக்கு மேல உடம்பு வருமாங்கறதுதான் கேள்வி..." அவர் மேலே போகவில்லை. "பல்கலைக்கழகத்துல நாலு வருஷம் ஆடட்டும். அப்பவும் நான் வந்து பாப்பேன்."

"சரிங்க," என்றான் தெப்பெய். எறியும் கையை மறு கையால் மூடிக்கொண்டான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் செய்வான்.

கிமியே தலையைத் திருப்பிக்கொண்டாள். பயிற்சியாளர் எழுந்திருக்க ஆயத்தமானார்.

"ஐயா," என்றாள் ஷினோ. "நான் இவனைப் பெத்தவ இல்லீங்க."

"ஷினோ!" என்றான் இசாவோ.

"பெத்தவங்க வாலிபால் ஆடினவங்க. நல்ல உயரம். விரிஞ்ச தோளு. என்னைப் பாத்து இவனை அளக்காதீங்க, ஐயா... இவன் உடம்புல என்னுது எதுவுமே இல்ல. ஒண்ணுகூட இல்ல!"

அவள் தெப்பெயைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது.

"என்னடி பண்ணிட்டே..." என்றாள் கிமியே. வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றான் தெப்பெய்.

ஷினோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடையில ஒரு ஆட்டம் முடிஞ்சு வரும்போது பஸ்கிட்ட ஒருத்தங்க நின்னாங்க. என் கை மாதிரியே கை. பேரு சொன்னாங்க. யாருன்னும் சொன்னாங்க. நான் தொப்பியைக் கழட்டி வணங்கிட்டு பஸ்ல ஏறிட்டேன்."

"எவ்வளவு உயரம்?" நுமாதா கேட்டேவிட்டார். உடனே அவர் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்க. பழக்கதோஷம்."

"அவங்க கண்ணு என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு."

பயிற்சியாளர் அவன் பக்கம் திரும்பினார். "அம்மா உயரம் என்னடான்னு போன வாரம் கேட்டேனே! நூத்தி நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்னு சொன்னியே! எதுக்காகக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சும் ஏன்டா..."

"அம்மா உயரம்னுதானே கேட்டீங்க, சார்."

ஷினோவின் தோள் குலுங்கியது. கைத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். தெப்பெய் முழங்காலாலேயே நகர்ந்து அவளிடம் வந்தான்.

"உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லலை... இப்ப பாரு! ஆளுங்க முன்னாடி அழறே..."

"நீதான்டா அழறே."

அவன் அவளைச் சேர்த்துப் பிடித்தான். உட்கார்ந்த நிலையிலும் அவள் தலை அவன் கழுத்தெலும்புவரைதான் வந்தது. இசாவோ கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூடிய கண்ணிலிருந்தும் வழிந்தது.

கிமியே எழுந்து உள்ளே போனாள். நிலையில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது தட்டில் புதுத் தேநீர் இருந்தது. முதல் கோப்பையை ஷினோவின் முன் வைத்தாள். விருந்தாளி இருக்க வீட்டுப் பெண்ணுக்கு முதல் கோப்பை. அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை.

"குடி," என்றாள். "ஒளிஞ்சுக்கன்னு நான் சொன்னேன். ஒளியறது சுலபம்டி... நீ பண்ணினதைப் பெத்தவகூடப் பண்ண மாட்டா." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அக்கா, வீங்குது. ஐஸ் வைக்கணும்," என்றாள் ஷினோ.

"வீங்கட்டும். எனக்கு வேணும்!"

வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு நுமாதா திரும்பினார்.

"குழுக் கூட்டத்துல இவன் பேரைச் சொல்வேன். பெத்தவங்க உயரத்தைச் சொல்வேன். இங்க நான் பாத்த மத்ததைச் சொன்னா சிரிப்பாங்க." ஷினோவைப் பார்த்து வணங்கினார். ஒரு விருந்தாளி வணங்க வேண்டியதைவிடத் தாழ்வாக. "எடுப்பாங்களா, மாட்டாங்களா... அது என் கையில இல்லம்மா."

குழுக்கள் ஆள் எடுக்கும் நாளன்று பள்ளி மண்டபத்தில் தொலைக்காட்சியின் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் வேறொரு ஊர்ப் பையனின் பெயர் வந்தபோது இசாவோ எழுந்து வெளியே போய்விட்டான். நான்காவது சுற்றில் நுமாதாவின் குழு தெப்பெயின் பெயரைச் சொன்னது. கூட ஆடும் பையன்கள் அவனைத் தூக்கி மேலே எறிந்தார்கள். பிடித்தார்கள். மறுபடி எறிந்தார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கிமியேயிடம் வந்தாள்.

"அம்மாதானே? ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"நான் இல்ல," என்றாள் கிமியே. பின்னால் நின்ற ஷினோவின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவதான் அம்மா."

அந்தப் பெண் ஷினோவைப் பார்த்தாள். பையன்களின் தலைக்கு மேலே கைகால் நீளநீளமாக எழும்பிக்கொண்டிருந்த தெப்பெயைப் பார்த்தாள். மறுபடி ஷினோவைப் பார்த்தாள்.

"உங்களுக்கா இவ்வளவு பெரிய பையன்! எப்படிம்மா?"

ஷினோ யோசித்தாள்.

"நல்லா சாப்பிடுவான்," என்றாள்.